ஓர் எண்ணும் குறையாமல்

2 ஜூலை 2007, திங்கள்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "ரெண்டு வாரம் போதும்" என்று மன்சூரிடம் சொல்லிவிட்டேன். அவன் என் பங்குதாரன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், ஆனால் நான் சொன்ன தேதிகளை மறந்ததே இல்லை.

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே நாங்கள் இருவர் மட்டும் நடத்தும் கம்பெனி எங்களுடையது. 'சுழல்' என்று ஒரே ஒரு மென்பொருள். கணினியில் உள்ள பாட்டையும் படத்தையும் சிடியில் ஏற்றித் தரும். கோவில்பட்டியிலிருந்து மார்த்தாண்டம் வரை ஸ்டுடியோக்காரர்களும் கல்யாண வீடியோக்காரர்களும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். எம்பித்ரீ கொடுத்தால் ஏற்றும், வேவ் கொடுத்தால் ஏற்றும். ஃப்ளாக் என்ற வடிவத்தில் கொடுத்தால் மட்டும் கையை விரித்துவிடும். அதைச் சேர்ப்பதுதான் இப்போது வேலை.

அவசரம் எங்கள் கிறிஸ்தவ சபையால் வந்தது. எங்கள் கோயில் பாடகர் குழுவின் பன்னிரண்டு கீர்த்தனைகளை நாகர்கோவிலில் ஒருவர் பதிவு செய்தார். எல்லாவற்றையும் ஃப்ளாக்கில் கொடுத்துவிட்டுத் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டார். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி அசனம். சபை முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அந்த நாளில் சிடியை வெளியிட வேண்டும். எம்பித்ரீயாக மாற்றித் தருகிறேன் என்றால் பாட்டு வாத்தியார் கிறிஸ்துதாஸ் ஒப்புக்கொள்ளவில்லை. "தகர டப்பாக்குள்ள உக்காந்து பாடுன மாதிரி இருக்கும் தம்பி. உள்ளது உள்ளபடி வரணும்" என்கிறார்.

அந்தப் பதிவில் என் மனைவி ஜெசிந்தா ஜால்ரா போட்டிருக்கிறாள். வீட்டில் எனக்கு ஒருநாளும் போட்டதில்லை.

5 ஜூலை, வியாழன்

ஃப்ளாக் எப்படி வேலை செய்கிறது என்று நாள் முழுவதும் படித்தேன். சாப்பிடக்கூட மறந்துவிட்டது.

பாட்டு என்பது கணினிக்கு வெறும் எண்களின் வரிசை. ஒரு விநாடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு எண்கள். இந்த வடிவம் அவற்றை அப்படியே எழுதி வைப்பதில்லை. முன்னே போன எண்களைப் பார்த்து, அடுத்து வரப்போவது இதுவாக இருக்கும் என்று ஊகிக்கிறது. ஊகம் எவ்வளவு தவறியதோ அந்த மிச்சத்தை மட்டும் குறித்துக்கொள்கிறது. திரும்பப் பிரிக்கும்போது அதே ஊகத்தைச் செய்து மிச்சத்தைக் கூட்டினால் பழைய எண் அச்சு அசலாக எழுந்து நிற்கிறது. இடம் பாதியாகக் குறைகிறது. ஆனால் ஓர் எண்கூடத் தொலைவதில்லை.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். "எம்பித்ரீ கருவாடு. மீன்தான், இல்லைனு சொல்ல முடியாது. ஆனா தண்ணியில போட்டா நீந்தாது. இது தண்ணி பட்டதும் துள்ளிக்கிட்டு ஓடும்."

"சரி, நீங்க மொதல்ல இந்த மீனைத் தின்னுங்க. ஆறிப்போச்சு" என்று தட்டை என் பக்கம் தள்ளினாள்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் யாரோ, எந்த ஊரோ. இலவசமாக உலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

9 ஜூலை, திங்கள்

முதல் சிடி தயார். பயபக்தியோடு பிளேயரில் போட்டேன். கீர்த்தனைக்குப் பதிலாகக் காது கிழிய ஒரே இரைச்சல்.

"அண்ணாச்சி, பாபநாசம் டேமைத் தொறந்து விட்டுட்டாவளா?" என்றான் மன்சூர்.

மதியத்துக்குள் காரணம் தெரிந்தது. ஒவ்வோர் எண்ணும் இரண்டு துண்டாகப் போகும், பெரிய துண்டும் சின்னத் துண்டும். நான் அவற்றை இடம் மாற்றி அனுப்பியிருக்கிறேன். எண் எதுவும் தொலையவில்லை, வெளியிலிருந்து எதுவும் வந்து சேரவும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் இடம் மாறினார்கள், அவ்வளவுதான். நாற்பது பேர் பாடிய பாட்டு வெள்ளமாகிவிட்டது. ஒரே ஒரு வரியைத் திருத்தியதும் வெள்ளம் வடிந்து உள்ளேயிருந்து பாட்டு வந்தது. வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இன்னும் இதெல்லாம் எனக்குப் பழகவில்லை.

11 ஜூலை, புதன்

கைக்கடிகாரத்தின் அலாரம் அடிப்பதில்லை. புது பேட்டரி போட்டும் பயனில்லை. மலிவுச் சரக்கு.

14 ஜூலை, சனி

பன்னிரண்டு பாட்டும் ஏறிவிட்டன. ஆண் குரல்கள் அப்படியே தொண்டையிலிருந்து வருகின்றன. வயலின்காரர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. ஆனால் ஒரு குறை. ஜால்ரா ஒலிக்கவே இல்லை. 'ஜல்' என்று எழும்ப வேண்டிய இடத்தில் மரக்கட்டையில் தட்டியதுபோல 'டக்' என்று விழுந்து சாகிறது.

மன்சூரைக் கேட்கச் சொன்னேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினான்.

"நல்லாத்தானே அண்ணாச்சி இருக்கு."

"ஜால்ராவைக் கேளு."

"கேக்கேன். கணீர்னு இருக்கு."

அவனுடையது ஜெனரேட்டர் சத்தத்திலேயே ஊறிய காது. என்னுடையது பாம்புக் காது என்று என் அம்மாவே சொல்லுவாள். அவனோடு வாதாடி என்ன பயன்? நிரலில் எங்கோ பிழை இருக்கிறது, கண்டுபிடிக்க வேண்டும்.

15 ஜூலை, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஜெசிந்தாவோடு குற்றாலம் போனேன். சாரல் நன்றாக இருந்தது. பழைய அருவியில் கூட்டம் குறைவு. தண்ணீர் தலையில் விழும்போது இத்தனை தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு வருஷமும் சிறு பிள்ளைபோல ஆச்சரியப்படுகிறேன்.

சாயங்காலம் திரும்பி நடக்கும்போது காடு அமைதியாக இருந்தது. "இந்த வருஷம் ஒரு சில்வண்டுகூட இல்லை பாத்தியா? மருந்தடிச்சு எல்லாத்தையும் கொன்னுட்டானுவ" என்றேன். ஜெசிந்தா நின்று மரங்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "வாங்க அத்தான், வழுக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வழியில் வழுக்கல் எதுவும் இல்லை.

19 ஜூலை, வியாழன்

பிழையைத் தேடித் தேடிக் களைத்துவிட்டேன்.

சிடியில் ஒவ்வொரு பாட்டோடும் கொடி என்று ஒரு சின்ன அடையாளக் குறி போகும். அது நிமிர்ந்திருந்தால் பிளேயர் கீச்சுச் சத்தத்தையெல்லாம் தானாகவே குறைத்துவிடும். அந்தக் காலத்து ஏற்பாடு. அதைத் தவறுதலாக நிமிர்த்திவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை, படுத்துத்தான் கிடக்கிறது. வேறு டிரைவில் ஏற்றினேன். வேறு கம்பெனி சிடியில் ஏற்றினேன். புது ஹெட்போன் வாங்கினேன், அது பழையதைவிட மோசம்.

கடைசியில் சிடியிலிருந்து எண்களைத் திரும்பப் படித்து, மூலத்து எண்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்தேன். திரை நிறையப் பூஜ்யம். ஐம்பத்தெட்டு நிமிஷப் பாட்டில் கோடிக்கணக்கான எண்கள், எல்லாவற்றுக்கும் விடை பூஜ்யம். ஒரு புள்ளி பிசகவில்லை. என் உடம்பு சிலிர்த்தது. மனிதன் செய்த வேலை எதுவும் இப்படிச் சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அப்படியானால் தப்பு என்னுடையது இல்லை. அந்த நாகர்கோவில்காரர் பதிவு செய்யும்போதே கெடுத்திருக்கிறார். இப்போது தெளிவாகிவிட்டது.

ஜெசிந்தா அடுப்படியிலிருந்து ஏதோ சொன்னாள். இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறாள். திரும்பி நின்று பேசு என்று சத்தம் போட்டேன். வந்து எதிரில் நின்று, "சோறு எடுத்து வைக்கட்டுமான்னு கேட்டேன்" என்றாள். இதற்குக் கோபப்பட்டிருக்க வேண்டாம்.

21 ஜூலை, சனி

முடித்துவிட்டேன். ஃப்ளாக்கைப் பிரிக்கும் இடத்திலேயே ஒரு சின்னத் திருத்தம் சேர்த்தேன். கீச்சுப் பகுதியை மட்டும் தூக்கிக் கொடுக்கும். கொஞ்சம் தூக்கினேன், போதவில்லை. இன்னும் கொஞ்சம். இன்னும். ஓர் அளவுக்கு மேலே போனதும் ஜால்ரா உயிர்பெற்று எழுந்தது. ஜல், ஜல், ஜல். ஜெசிந்தாவின் கை. நான் கல்யாணத்துக்கு முன் கோயிலில் கடைசி வரிசையில் நின்று கேட்ட அதே கை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மன்சூரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பான்.

22 ஜூலை, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை.

ஆராதனைக்குப் பின் பாடகர் குழு கூடியிருந்தபோது சிடியைப் போட்டேன். முதல் ஜால்ராவுக்கே பாட்டு வாத்தியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். யாருடைய கைக்குழந்தையோ வீறிட்டு அழுதது. ஆல்ட்டோ என்ற கீழ்க்குரலில் பாடும் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

"நிப்பாட்டு தம்பி, நிப்பாட்டு! ஊசிய வச்சுக் குத்துன மாதிரில்லா இருக்கு!"

"நல்லாத்தானே சார் இருக்கு?" என்றேன். எனக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

ஜெசிந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அத்தனை பேர் காதும் ஒரே நேரத்திலா கெட்டுப்போயிருக்கும்? இருக்கலாம். கோயில் ஸ்பீக்கரும் பழையதுதான்.

23 ஜூலை, திங்கள்

மன்சூர் காலையிலேயே நிரலைத் திறந்து பார்த்துவிட்டான். என் திருத்தத்தில் விரலை வைத்தான்.

"இது என்ன அண்ணாச்சி?"

"பதிவுல குறை இருந்துச்சு. சரி பண்ணேன்."

"ஒரு எண்ணுகூடக் குறையாம வரும்னு நீங்கதானே சொன்னீய? அதுக்காகத்தானே இந்தப் பாடு பட்டோம்? ஊரு பூரா ஸ்டுடியோக்காரன் நம்பி வாங்குவான். அதுல நீங்களே கை வச்சிட்டீயளே."

அவன் என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை. நானும் ஏதோ கத்தினேன். எழுதத் தகுந்ததில்லை.

பிறகு அவன் மூலப் பதிவைத் திறந்து, சத்தத்தைப் படமாகக் காட்டும் புரோகிராமில் போட்டான். கீழே கனமான குரல்கள், மேலே போகப் போகக் கீச்சான ஒலிகள். ஜால்ரா விழும் ஒவ்வோர் இடத்திலும் அடியிலிருந்து திரையின் உச்சிவரை ஒரு வெளிச்சத் தூண் எழுந்து நின்றது. வரிசையாக, தாளம் தவறாமல். நாகர்கோவில்காரர் எதையும் கெடுக்கவில்லை. எல்லாம் உள்ளே இருக்கிறது.

"இப்ப அடியில உள்ளத வெட்டிட்டு மேல உள்ளத மட்டும் போடுதேன். கேளுங்க" என்றான்.

திரையில் தூண்கள் நகரத் தொடங்கின. நான் காத்திருந்தேன்.

"எப்பப் போடப்போற?"

மன்சூர் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தான். அவனுக்குக் காது கூசியிருக்கிறது. "ஓடிக்கிட்டுத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றான், மிகவும் மெதுவாக. அதை அவன் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அறைக்குள் மழை கொட்டிக்கொண்டிருந்தது, நான் மட்டும் நனையாமல் உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. ஆனால் திரையிலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை. எவ்வளவு அழகாக இருந்தது அது.

27 ஜூலை, வெள்ளி

காது டாக்டரிடம் போனோம். நேரம் வாங்கியது ஜெசிந்தா. நர்ஸ் ஏற்கெனவே என் பேர் எழுதியிருந்த பழைய அட்டையை எடுத்ததைப் பார்த்தால், ஜெசிந்தா முன்பே ஒருமுறை நேரம் வாங்கி வைத்து, என்னிடம் சொல்லத் தைரியமில்லாமல் விட்டிருக்கிறாள் என்று தெரிகிறது.

காத்திருந்தபோது எதிர் வரிசைக்காரர் என் மணிக்கட்டைக் காட்டினார். "சார், ஒங்க வாட்ச் ரொம்ப நேரமா அடிக்கி." நான் பொத்தானை அமுக்கினேன். எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் நன்றாக அழுத்தினேன். பிறகு ஒன்றுமே வரவில்லை. டாக்டரம்மாவின் கை அசைவதைப் பார்த்து இரண்டு தரம் அழுத்தினேன். அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டார்.

கோடு போட்டுக் காட்டினார். கோடு தாளின் இடது ஓரத்திலிருந்து சமமாகப் போய், பாதியில் குறுக்குத்துறைப் படித்துறைபோல இறங்கித் தண்ணீருக்குள் போய்விடுகிறது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இப்பத்தான், ஒரு வாரமா" என்றேன்.

"ரெண்டு வருஷம் இருக்கும் டாக்டர்" என்றாள் ஜெசிந்தா.

நரம்பில் போனது திரும்பி வராதாம். கருவி வைத்தால் பேச்சு தெளிவாகும், ஆனால் மேலே உள்ள கீச்சு ஒலிகள் பழையபடி கிடைக்கும் என்று சொல்ல முடியாதாம். அடுத்த மாதம் அளவெடுக்க வரச் சொல்லியிருக்கிறார்.

ஆட்டோவில் வரும்போது ஜெசிந்தா என் பக்கம் முகத்தைத் திருப்பி, "கொத்தமல்லி வாங்கணும்" என்றாள். இரண்டு வருஷமாகப் பெரும்பாலும் இப்படி என் பக்கம் திரும்பித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். நான்தான் கவனிக்கவில்லை.

1 ஆகஸ்ட், புதன்

என் திருத்தத்தை நிரலிலிருந்து நீக்கினேன். எட்டு வரிதான். அரை நிமிஷ வேலை. அதற்கு முன் ஒரு காலைப் பொழுது முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதுவரை எதைச் செய்தாலும் கடைசியில் என் காதால் கேட்டு, சரி என்று பட்டால்தான் வெளியே விடுவேன். இன்று என் காது தப்பு என்று சொல்கிறது. எண்கள் சரி என்கின்றன. எண்களின் பக்கம் நிற்க வேண்டும். தலையால் எளிதாகப் புரிகிறது. ஆனால் என்னை விட்டுவிட்டு ஊர் ஒரு பந்தலில் கூடியிருக்கிறது, அதன் வாசலை நானே சாத்திவிட்டு வருவதுபோல இருந்தது.

ஏற்றினேன். திரும்பப் படித்தேன். கழித்தேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அன்று இதைப் பார்த்தபோது என் வேலையை மெச்சிக்கொண்டேன். இன்று வேறொன்று தோன்றியது. நான் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்த ஒலி அதன் இடத்தில் இருக்கிறது. என் காது குறைந்ததால் உலகத்தில் ஒன்றும் குறையவில்லை. இது ஆறுதலா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் எவ்வளவு பெரிய விஷயம்!

"ஒரு தரம் கேட்டுப் பாத்திருங்க அண்ணாச்சி. எப்பவும் நீங்கதானே கடைசியா கேப்பீய" என்றான் மன்சூர்.

"நீ கேளு. நீ சரின்னா சரி."

கண்ணை மூடிக்கொண்டு ஐம்பத்தெட்டு நிமிஷமும் கேட்டான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி" என்றான்.

5 ஆகஸ்ட், ஞாயிறு

அசனம் முடிந்தது. கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு, ஆண்டிறுதிப் பரீட்சைக்குப் பிள்ளைகளை உட்கார வைத்ததுபோல வரிசை வரிசையாக இலை. எங்கள் போதகர் ஐயர் ஜெபம் செய்து சிடியை வெளியிட்டார். பெரிய பாத்திரங்களில் சோறு வந்தது. பருப்பு, கறிக்குழம்பு, கத்தரிக்காய். எனக்குப் பக்கத்தில் ஜெசிந்தா, எதிரில் பாட்டு வாத்தியார். ஒலிபெருக்கியில் முதல் கீர்த்தனை ஆரம்பித்தது.

வாத்தியார் பிசைந்த கையை நிறுத்தினார். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார். பந்தியில் பேச்சு மெல்ல அடங்கியது. சோறு போட்டுக்கொண்டு வந்தவர்கூட வாளியோடு நின்றுவிட்டார். அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் மலர்ந்ததைப் பார்த்தேன். எனக்குக் குரல்கள் கேட்டன. வயலின் கேட்டது. அதற்கு மேலே இருந்ததை அந்த முகங்களில்தான் பார்த்தேன்.

"தம்பி, உள்ளது உள்ளபடி" என்றார் வாத்தியார். அவர் கண் கலங்கியிருந்தது.

ஜெசிந்தா என் பக்கம் முழுவதுமாகத் திரும்பினாள். "ஜால்ரா கேக்குதா அத்தான்?"

கேக்குது என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டு வருஷமாக எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

"இல்ல ஜெசி. எனக்குக் கேக்கல. ஆனா அங்க இருக்கு. நான் பாத்தேன்."

அவள் இடது கையை நீட்டி என் மணிக்கட்டில் வைத்தாள். ஆள்காட்டி விரலால் தட்டத் தொடங்கினாள். ஒன்று. ஒன்று. ஒன்று. திரையில் பார்த்த தூண்கள் ஒவ்வொன்றாக என் தோலில் வந்து நின்றன. குரல்கள் காது வழியாக வந்தன, ஜால்ரா கை வழியாக வந்தது, இரண்டும் எங்கோ உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டன. இப்படி ஒரு பாட்டை நான் ஆயுளில் கேட்டதில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் சாப்பிடவில்லை.

மூன்றாவது சரணத்தில் விரல் ஓர் இடத்தில் எழும்பி, அப்படியே நின்றுவிட்டது. ஒரு தாளம் போனபின் மறுபடியும் தட்டியது.

"என்ன, விட்டுட்ட?"

"அந்த எடத்துல அன்னைக்கு எனக்குக் கை தவறிட்டு" என்றாள். அவள் முகம் சிவந்திருந்தது. "ஒரு அடி அடிக்கவே இல்ல. நீங்க கண்டுபிடிச்சு சரி பண்ணியிருப்பீகன்னு நெனச்சேன். அதையும் அப்படியேவா வச்சிருக்கீக?"

"அப்படியேதான் வச்சிருக்கேன்" என்றேன்.

சிரித்தாள். விரலை எடுக்கவில்லை. அடுத்த பாட்டு ஆரம்பித்தது.